சூளகிரி சாலையில் சர்வதேச உறவுகள்

நாற்பத்தாறு வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள், பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வாள். எனக்குக் கிடைத்தது. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பெங்களூரு வண்டி விடிந்ததும் கிளம்பிவிட்டது. நடத்துநரிடம் சூளகிரிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.

“அங்கெல்லாம் நிக்காதுங்க மேடம். கிருஷ்ணகிரியில எறங்கி டவுன் பஸ் புடிச்சிக்குங்க. இது பாயின்ட் டு பாயின்ட்.”

கிருஷ்ணகிரி வரை ஏறக்குறைய நூற்றுப் பத்து கிலோமீட்டர். யோசிப்பதற்குப் போதுமான தூரம்.

நான் வரலாற்றுக்காரி. அரசியல் வரலாறு, அதிலும் நாடுகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தைகளின் வரலாறு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை யார் வைத்துக்கொள்வது, யார் திருப்பி அழைத்துக்கொள்வது என்று டெல்லியும் கொழும்பும் பேசி முடித்த கதைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பதினான்கு ஆண்டுகளாக ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இந்தப் பதவிக்குப் பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான் நாங்கள் ஆசிரியர்கள். மே மாதத்தில் யாரும் இல்லை.

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் வண்டி ஊர்ந்தது. இறக்கத்தில் கவிழ்ந்த ஒரு லாரியிலிருந்து சிமென்ட் மூட்டைகளை வேறொரு லாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தருமபுரியில் ஐந்து நிமிட நிறுத்தத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். ஷமீமாவின் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் அவள் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, சூளகிரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். “எங்க காலேஜ்ல இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸுக்கு ஆள் எடுக்கிறாங்க. பி.எச்டி. கட்டாயம். நிரந்தர வேலை. இது உனக்காகவே வந்த மாதிரி இருக்கு கலை, உடனே வா” என்று அனுப்பியிருந்தாள்.

நிரந்தரம் என்ற சொல்லை நான் பல முறை படித்தேன்.

கிருஷ்ணகிரியில் இறங்கி டவுன் பஸ் ஏறினேன். பக்கத்தில் கறிவேப்பிலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் போனில் தெலுங்கில் யாரையோ திட்டினாள். முன்சீட்டுக்காரியிடம் கன்னடத்தில் சிரித்தாள். என்னிடம் திரும்பி, “காலு நீட்டிக்குங்கக்கா, மூட்ட நசுங்காது” என்றாள். குருபரப்பள்ளி தாண்டியதும் நெடுஞ்சாலையின் இருபுறமும் நீலத் தகரக் கூரைகள் தொடங்கின. அவற்றுக்கு நடுவே ராகிக் கொல்லைகள். கொல்லைகளின் ஓரத்தில் ‘இவ்விடம் தொழிற்சாலைக்கு ஏற்றது’ என்று எழுதிய பலகைகள்.

சூளகிரி நிறுத்தத்தில் ஷமீமா ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். “புடவ நல்லா இருக்குடி. நீ பாட்டுக்கு எல்லாத்துக்கும் வரலாறு சொல்ல ஆரம்பிச்சிடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றாள்.

கல்லூரித் தாளாளர் வயதில் என்னைவிட இளையவர். என் கோப்பைத் திறக்கவே இல்லை.

“இங்கிலீஷ் சரளமா வருமாங்க மேடம்?”

“வரும்.”

“வெளிநாட்டுக்காரங்களோட பேசிப் பழக்கம் இருக்குதா?”

“கொழும்பு ஆவணக் காப்பகத்தில் ஆறு மாதம் இருந்திருக்கிறேன். அங்கே அதிகாரிகளிடம்…”

“கொழும்பு வேணாங்க. கம்பெனிக்காரங்க.”

அப்போதுதான் எனக்கு லேசாகப் புரிய ஆரம்பித்தது. வரலாற்றுத் துறையில் எத்தனை வகுப்புகள் இருக்கும் என்று கேட்டேன்.

“அந்த டிபார்ட்மென்ட இந்த வருஷத்தோட மூடறோம். ஆளே சேர மாட்டேங்குது. நீங்க அதப் பத்தி ஏன் கவலப்படறீங்க? நீங்க டைரக்டர். ஓசூர்ல இருந்து ஃபேக்டரிக்காரங்க வருவாங்க. ரிசீவ் பண்ணணும், பேசணும், பசங்கள வேலைக்கு அனுப்பணும். இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்னா அதானுங்களே?”

இருபது ஆண்டுகள் படித்த படிப்புக்கு அந்த அறையில் ஒரு வரியில் விளக்கம் கிடைத்தது. சம்பளம், நான் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. இரண்டு மடங்கு என்ற சொல் என் முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தது.

“இப்பவே ஒரு டீம் வருது. கூட ஒக்காருங்க. உங்க டேலன்ட்டையும் பாத்துக்கறேன்” என்றார்.

பகல் பதினொரு மணிக்கு வந்தவர்கள் மூன்று பேர். கிழக்காசிய நாடொன்றின் மின்னணுத் தொழிற்சாலையைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகள். மொழிபெயர்க்க பெங்களூருவிலிருந்து ஓர் இளைஞர். தாளாளர் என்னை “எங்க டைரக்டர்” என்று அறிமுகம் செய்தார். நான் மறுக்கவில்லை. இளநீல சுடிதாரும் கோட்டும் போட்ட ஒரு மாணவி மூவருக்கும் சால்வை நீட்டிவிட்டு, சுவரோரம் தேநீர்த் தட்டோடு நின்றாள்.

அவர்களுக்கு இருபத்திரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் வேண்டும். ஓசூரில் விடுதி உண்டு. மூன்று ஷிப்ட். இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம், நடுவில் விலக முடியாது. தாளாளர் இருநூறு பேர் என்றார். மூத்த அதிகாரி தலையசைத்து, நூறு என்றார். தாளாளர் நூற்றைம்பதுக்கு வந்தார். “நூறு இப்போது, மீதியைத் தீபாவளிக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்” என்று மொழிபெயர்ப்பு வந்தது.

இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சை நான் காப்பகத்தின் பழுப்புத் தாள்களில் மாதக்கணக்கில் படித்திருக்கிறேன். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே அதைப் பற்றித்தான். இப்போது அதே மேசையில், கையில் பிஸ்கட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

“இந்தப் பெண்களிடம் கேட்டாயிற்றா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கி, பிறகு சொன்னார். மூத்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். தாளாளர் உரக்கச் சிரித்தார். “மேடம் ப்ரொஃபசர். எல்லாத்துக்கும் தியரி.” அதற்குப் பிறகு பேச்சு ஓடவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் எழுந்தார்கள். தாளாளர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “நீங்க பாடம் நடத்தறவங்க மேடம். இது வேற.”

வராந்தாவில் அந்த மாணவி என் பின்னால் ஓடி வந்தாள்.

“மேடம், அவங்க இனிமே வர மாட்டாங்களா?”

“தெரியலம்மா. உங்களை ஒரு வார்த்தை கேட்கணும்னுதான் சொன்னேன்.”

“கேட்டிருந்தா சரின்னுதானே மேடம் சொல்லியிருப்போம். எனக்கு ஊரு பேரிகை. எங்கப்பா போன வாரந்தான் வெல இல்லன்னு தக்காளிய ரோட்டோரமா கொட்டிட்டு வந்தாரு. சித்திரையில எனக்குக் கல்யாணம்னு பேசறாங்க. ரெண்டு வருஷம் நடுவுல நிக்க முடியாதுன்னு கம்பெனியே எழுதி வாங்கிட்டா, எங்க வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்குத்தான் நான் காத்துட்டிருந்தேன்.”

ரேணுகா என்பது அவள் பெயர். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

“ஹிஸ்டரிதான் மேடம். நாங்கதான் கடைசி செட்டு.”

எண்களாகப் பங்கிடப்பட்ட மனிதர்களை யாரும் கேட்கவில்லை என்று நான் ஆய்வேட்டில் கோபமாக எழுதியிருந்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அதற்கு ஆவணம் இல்லை என்பது எங்கள் தொழிலில் மரியாதையான சாக்கு.

அதிகாரிகளின் கார் இன்னும் கிளம்பவில்லை. ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். மூத்த அதிகாரியிடம், “நான் கேட்ட கேள்விக்குப் பதில் இவள் சொல்வாள்” என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, “வி வான்ட் டு கம், சார். ஆல் ஆஃப் அஸ்” என்றாள். ஆல் ஆஃப் அஸ் என்று அவள் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரி முதன்முறையாகச் சிரித்து, தலை குனிந்து வணங்கினார். மொழிபெயர்ப்பாளர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டார். இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகு நான் நடத்திக்கொடுத்த ஒரே சர்வதேசப் பேச்சுவார்த்தை அதுதான்.

தாளாளர் மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மதியச் சாப்பாடு சொல்லவில்லை.

ஷமீமா என்னை கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் வரைக்கும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். வழி நெடுக லாரிக் காற்றில் கத்திக்கொண்டே வந்தாள். “ஒனக்காக அந்தாளுகிட்ட எத்தன தடவ நின்னேன் தெரியுமா? கேள்வி கேட்டே, சரி. அப்புறம் நீயே அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போய் கார்ல ஏத்தாத கொறையா விட்டே. ஒண்ணு அந்தப் பக்கம் நில்லு, இல்ல இந்தப் பக்கம் நில்லு. ரெண்டுத்துக்கும் நடுவுல நின்னா யாருடி சம்பளம் குடுப்பாங்க?”

இறங்கும்போது ஒரு பெட்டி மாம்பழத்தை என் கையில் திணித்து, “பிள்ளைங்களுக்குக் குடு” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

சாயங்கால வண்டியில் நின்றுகொண்டே சேலம் வந்தேன். இங்கே எங்கள் கல்லூரியில் நாற்பது பேர் உட்காரும் அறையில் ஒன்பது பேருக்கு வெளியுறவுக் கொள்கை நடத்துகிறேன். அங்கே துறையை மூடுகிறோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். இங்கே சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டைரக்டர் வேலை தாளாளரின் மச்சானுக்குப் போனதாக ஷமீமா பிறகு சொன்னாள். கம்பெனி நூறு பேரை எடுத்துக்கொண்டது. மீதியைப் பற்றிப் பேச்சில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ரேணுகா. ஷமீமாவிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். ஓசூர் விடுதியில் ஓர் அறையில் எட்டுப் பேர் என்றாள். நின்று நின்று கால் வீங்குகிறது. கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

“மேடம், தபால்ல எம்.ஏ. ஹிஸ்டரி சேரலாம்னு இருக்கேன். அப்புறம் பி.எச்டி.யும் பண்ணணும். ஒங்கள மாதிரி வரணும்னு ஆச.”

வெளியே மணி அடித்தது. வகுப்புக்குப் போக வேண்டும். “படி” என்று சொல்ல வாயெடுத்தேன், அது வரவில்லை.

“அந்த வேலைய மட்டும் விட்டுடாதம்மா” என்றேன்.