ஏசி மெக்கானிக்கும் அவர் தொண்டையும்

உங்கள் குறட்டையை நீங்கள் என்றாவது கேட்டதுண்டா? இல்லையென்றால், "நான் குறட்டையே விடுவதில்லை" என்று எந்தத் தைரியத்தில் சாதிக்கிறீர்கள்?

நம் ஏசி மெக்கானிக் அப்படித்தான் வருடக்கணக்கில் சாதித்தார். ராசிபலன் என்று யாராவது வாயெடுத்தால் ஆதாரம் கேட்டு மடக்குகிற ஆள். மனைவி கொண்டுவந்த ஆதாரம் மட்டும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. குறட்டை நடுவில் நிற்கிறது, மூச்சும் நிற்கிறது, பிறகு திணறிக்கொண்டு வருகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "உனக்குத் தூக்கம் கம்மி" என்று தீர்ப்பு எழுதினார். தண்டனையும் அவளுக்கே. குறட்டை விட்டவருக்குக் கட்டில், கேட்டவளுக்குக் கூடத்து சோபா.

ஒருநாள் ஓர் அலுவலகத்தில் ஏணி மேல் நின்றபோது நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஆஸ்பத்திரியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கின்றன, உள்ளே ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரலாம். உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, பிறகு மயக்க மருந்து கொடுத்து நெஞ்சில் மின்சார ஷாக் வைத்துத் துடிப்பைச் சரிசெய்தார்கள். டாக்டரம்மா தூக்கப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறது, அந்தத் திணறலில் இதயம் அடி வாங்குகிறது என்று தெரிந்தது. முகமூடியும் குழாயுமாக ஒரு காற்றழுத்த மெஷின் வீட்டுக்கு வந்தது.

காற்றைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவருக்கு ஏளனம். முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, குழாயைத் தலைமாட்டில் கட்டி முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். சுவரில் ஏசி மாட்டுகிற அதே சாமர்த்தியம். முகத்தில் இதமாகக் காற்றடித்தது. தொண்டை அடைத்தபடியே கிடந்தது.

சில மாதங்களில் நெஞ்சு மறுபடி தடம் புரண்டது. முகமூடி போடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்க, தன் ஏற்பாட்டைப் பெருமையோடு விவரித்தார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். காற்று அழுத்தமாக உள்ளே போய்த் தொண்டையைத் திறந்து வைக்க வேண்டும், இதென்ன மின்விசிறியா என்றார். அடைப்பை அப்படியே விட்டால், ஷாக் வைத்தாலும் நோய் திரும்ப வாய்ப்பு அதிகமாம்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஃபில்டர அடைக்க விட்டுட்டு கம்ப்ரசர் மேல பழி போடுறீங்களேன்னு எல்லாரையும் திட்டுவீங்களே, அது யாருக்கு சொன்னது?"

"கஸ்டமருக்கு."

"இப்ப நீங்கதான் கஸ்டமர். மாஸ்க்க மாட்டுங்க."

மாட்டினார். கண்ணாடியில் பார்த்து, தும்பிக்கை முளைத்த மெக்கானிக்குக்கு இனி யார் வேலை தருவார்கள் என்று தானே சிரித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மறுபடி ஷாக் வைத்தார்கள்; அதற்குப் பிறகு துடிப்பு இதுவரை ஒழுங்காக இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. மனைவி கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் குறட்டை நின்ற அந்த அமைதியை நம்ப முடியாமல், மூச்சு வருகிறதா என்று முதல் வாரம் முழுக்கக் காது கொடுத்தபடியே கிடந்தாளாம்.

உங்கள் பக்கத்தில் படுப்பவரிடம் இன்றே கேளுங்கள். அவர் சொல்வதை மறுக்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அவரை ஏற்கெனவே கூடத்துக்கு விரட்டியிருந்தால், முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.