ஆணிக்காட்டில் தொலைந்த தாலி

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத துரு வாடை... அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறுகிறது.

பழைய வீடு. பின்பக்க மர ஷெட்டை எங்களுக்கு முன் இருந்தவர்கள் இடித்துவிட்டு, ஆணிகளை அப்படியே மண்ணில் விட்டுப் போயிருந்தார்கள். எங்கே கொத்தினாலும் 'டங்'. எனக்கோ அங்கேதான் வெண்டைக்காய் போட வேண்டும் என்று பிடிவாதம்.

ஒரு மே மாத ஞாயிறு. வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி எறிந்துவிட்டு, மதியம் வரை மண்ணைக் கொத்திப் புரட்டினேன். குளிக்கப் போனபோதுதான் பார்த்தேன்... கழுத்தில் தாலிச்செயின் இல்லை.

அதுவரை "தாலியும் ஒரு நகைதானே" என்று வாய் கிழியப் பேசியவள் நான். அன்று பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா தன் வளையல்களை அழித்துச் செய்து போட்ட செயின் அது. அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை திருச்சியிலிருந்து வருகிறாள்!

பக்கத்து வீட்டு லின்டா ஸ்கூல் பஸ் ஓட்டுபவள். லீவு நாட்களில் மெட்டல் டிடெக்டரோடு பீச்சில் அலைவாள். விஷயம் கேட்டதும் மிஷினோடு வந்துவிட்டாள். ஆன் செய்தால் தோட்டம் முழுக்க 'கர்ர்... கர்ர்...' அத்தனையும் ஆணி. இரும்பைக் கண்டுகொள்ளாதபடி செட்டிங்கை மாற்றினாள். மிஷின் கப்சிப்.

நான்கு சாயங்காலம் தேடினோம். கிடைத்தது ஒரு பழைய காசும், சோடா கேன் மூடியும். நான் தினமும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் வீடியோ காலில் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை லின்டாவின் ஜாக்கெட் ஜிப் பிய்ந்துவிட்டது. என் கணவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"ஏய், ஒரு ஊக்கு குடேன்."

என் கையும் வழக்கம்போல கழுத்துக்குப் போனது. வெறுங்கழுத்து.

"ஏங்க... ஊக்கு அதுலதாங்க இருக்கு. மூணு!"

"எதுல?"

"தாலியிலதான்! எப்பவும் அங்கதான மாட்டி வெப்பேன்."

அவர் லின்டாவுக்கு விளக்கிச் சொன்னார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தால் மிஷின் தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுமாம். நான்கு நாளாக அதன்மேலேயே நடந்திருக்கிறோம்!

செட்டிங்கைப் பழையபடி மாற்றினாள். மறுபடி கர்ர்... கர்ர்... இந்த முறை ஒன்றையும் விடவில்லை. கத்திய இடமெல்லாம் தோண்டினோம். ஒரு பக்கெட் ஆணி. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், வேலியோரம், கர்ர் நடுவே மெல்லிசாக ஒரு 'கீச்'.

மண்ணாங்கட்டியை உடைத்தேன். முதலில் வந்தது ஊக்கு. பின்னாலேயே தாலி.

அப்பாடா! அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். லின்டா கட்டிக்கொண்டாள். அவர் செயினைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஏர்போர்ட்டில் அம்மாவின் முதல் வார்த்தை...

"தாலியில இரும்பு மாட்டாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

அங்கேயே நின்று மூன்றையும் கழற்றினாள். என் கணவருக்குத் திடீரென்று பயங்கர இருமல்.

இப்போது வேறு வீடு. கடையில் வாங்கிய பாக்கெட் மண்ணில் வெண்டைக்காய் நன்றாகத்தான் காய்க்கிறது. ஒரு ஆணி கிடையாது, கையில் வாடையும் கிடையாது. லின்டா ஃப்ளோரிடா போய்விட்டாள். அவளோடு சேர்ந்து மண்ணில் கிடந்த அந்த வாரத்தை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா இன்றும் வரும்போதெல்லாம் ஊக்கைக் கழற்றி வைக்கிறாள். அவளை ஃப்ளைட் ஏற்றிவிட்டு, பார்க்கிங்கிலேயே நான் திரும்ப மாட்டிக்கொள்கிறேன். அன்று நடந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

சித்தி, இதை நீங்க படிப்பீங்கன்னு தெரியும். லைக் மட்டும் போடுங்க... அம்மாவுக்கு போன் போட்டுடாதீங்க!