அக்கா கேட்ட சுவிட்ச்

அக்கா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் அசையமாட்டாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். காலர் வைக்கும்போது மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவாள். அத்தான் அந்த அறையில் பொருத்தியிருந்த கருவியோ, யாரும் அசையவில்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டி விளக்கை அணைத்துவிடும். ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து இருட்டும். அக்கா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, நிற்காமல் போகிற பஸ்ஸைக் கூப்பிடுகிறவள் மாதிரி ஆட்டுவாள். விளக்கு வரும். நூல் கீழே விழுந்திருக்கும்.

"நான் உயிரோடதான் இருக்கேன்னு இந்தச் சனியனுக்கு எத்தனை தடவை நிரூபிக்கிறது?" என்பாள்.

எங்கள் வீட்டுச் சுவர்களில் சுவிட்சே கிடையாது. இருந்ததையெல்லாம் அத்தான் பிடுங்கி, சிமெண்டு பூசி, வெள்ளையடித்துவிட்டார். ஆனாலும் அறைக்குள் நுழையும்போது அக்காவின் கை தன்பாட்டுக்குப் பழைய இடத்தைத் தேடிப் போகும். கை பட்டுப் பட்டு, மிஷின் அறைக் கதவோரம் உள்ளங்கை அளவுக்கு ஓர் அழுக்கு படிந்திருந்தது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அத்தான் முதலில் அதைத்தான் துடைப்பார்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அத்தானுக்கு வீடுகளில் தானியங்கிச் சாமான்கள் பொருத்தும் வேலை. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று அவரைத் தன் ஆளாக அங்கீகரித்து, எங்கள் வீட்டை 'மாதிரி வீடு' என்றும் அறிவித்திருந்தது. அவர்களுடைய பேசும் பெட்டி வட்டமாக இருப்பதால் தெருவில் அந்தக் கம்பெனிக்குப் பெயர் வட்டம். வாங்க நினைக்கிறவர்கள் விடுமுறை நாட்களில் வந்து எங்கள் விளக்கு எரிவதையும் திரை விலகுவதையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படியே அலமாரியைத் திறந்தும் பார்ப்பார்கள். அப்போது அக்கா சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு: "விளக்கைத் தொட்டே ரொம்ப நாளாச்சுங்க." அக்கா அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு என்னவோ போலீசில் புகார் கொடுப்பது மாதிரி இருக்கும்.

வட்டப் பெட்டிக்குப் பெண்குரல். அக்கா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

"விளக்கைப் போடுடி."

"மன்னிக்கவும். தாங்கள் கூறியது எனக்குப் புரியவில்லை."

"தாங்களாம், தாங்கள்! அந்த மனுஷன் முணுமுணுத்தாக்கூடப் புரியுது. நான் கத்தினாலும் புரியலையா உனக்கு?"

"மன்னிக்கவும்."

"மன்னிக்கமாட்டேன், போ."

எதிர்வீட்டில் இருந்தது சதுரப் பெட்டி. அது இன்னொரு பெரிய கம்பெனி. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆள் நெட்டையர். அவரும் அத்தானும் சிடுமூஞ்சி என்று அழைக்கப்பட்ட ஒரு மின்சாமான் கடைக்காரரிடம் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். பிறகு கூட்டாளிகளாக ஓர் ஏணியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறி ஏறினார்கள். அத்தானை வட்டமும் நெட்டையரைச் சதுரமும் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து பேச்சு கிடையாது. ஏணி நெட்டையரிடம் போய்விட்டது. அத்தான் அதைப் பற்றிப் பேசினால் ஏதோ பெண்ணைக் கடத்திக்கொண்டு போனது போலப் பேசுவார்.

எங்கோ தூரத்தில் இரண்டு கம்பெனிகளுக்குள் இருந்த பகை, அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு எங்கள் தெருவுக்கு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் அழைப்புமணி வந்தவரின் முகத்தைக் காட்டினால், அடுத்த மாதம் எதிர்வீட்டு மணி வந்தவரின் பெயரைச் சொல்லும். அவர்கள் திரை சூரியனைப் பார்த்துத் தானாக விலகினால், எங்கள் திரை பாட்டோடு விலகும். வட்டத்தின் விளக்கு சதுரத்தின் பெட்டிக்குக் கட்டுப்படாது. சதுரத்தின் பூட்டு வட்டத்தை மதிக்காது. இரண்டையும் கலந்து வாங்கித் தொலைத்தவர்கள் அத்தானுக்குப் போன் செய்து கத்துவார்கள். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை வைத்ததும் என்னிடம் கத்துவார்.

இதில் அதிகம் நொந்தவர் நெட்டையரின் மனைவிதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்து, காலையில் கண்ணை மூடுகிற நேரத்தில் சதுரத்தின் திரை சூரியனை வரவேற்று விரியத் திறந்துகொள்ளும். கணவர்கள் முறைத்துக்கொள்ள, இவர்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, உங்க வீட்ல என்ன புதுசு?"

"குளியலறைக் கண்ணாடி என் எடையைச் சொல்லுது."

"ஐயோ, சத்தமாவா?"

"ஹால்வரைக்கும் கேக்குது."

"அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு வந்துடும். அதுக்குள்ள நான் கொஞ்சம் இளைச்சுக்கறேன்."

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிகள் சமாதானமாகிவிட்டன. இனி இவர்கள் பொருளும் அவர்கள் பொருளும் ஒன்றோடொன்று பேசுமாம். அத்தான் அந்தச் செய்தியைப் போனில் படித்துவிட்டு, துக்கச் செய்தி வந்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே இன்னொரு வரியும் இருந்தது. ஒரே தெருவில் இரண்டு மாதிரி வீடுகள் தேவையில்லை. இரண்டு கம்பெனி அதிகாரிகளும் சேர்ந்து வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வாகிற வீட்டுக்காரருக்குப் பயிற்சியாளர் வேலை.

"நம்ம வீடு வேணாம்னு சொல்லிடுங்க," என்றாள் அக்கா உடனே.

"பைத்தியமா உனக்கு? பயிற்சியாளர் வேலைடி. ஏணி ஏற வேண்டாம். என் முட்டி படற பாடு உனக்குத் தெரியாதா?"

"முட்டிக்கு வைத்தியம் பாக்கலாம். எனக்கு ஒரு சுவிட்ச் வேணும்."

"என்னது?"

"ஒண்ணே ஒண்ணு. மிஷின் ரூம்ல. கையால தட்டினா எரியணும், தட்டினா அணையணும்."

"ஒண்ணு வெச்சாலும் அப்புறம் இதை 'மாதிரி வீடு'ன்னு சொல்ல முடியாதுடி. வெறும் வீடு."

"வெறும் வீடுதான் கேக்கறேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, உங்கக்காவுக்கு நீயாவது சொல்லு." நான் குடிக்காத தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

அதிகாரிகள் ஒரு ஞாயிறு காலை வந்தார்கள். வட்டத்திலிருந்து ஓர் ஆண், சதுரத்திலிருந்து ஒரு பெண். சமாதானம் புதிது என்பதால் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வழிவிட்டார்கள். முதலில் எங்கள் வீடு. அத்தான் சலவைச் சட்டை போட்டிருந்தார். கதவோர அழுக்கைத் துடைத்தாயிற்று. அக்காவுக்கு அவசரத் துணி. மிஷினை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியிடம் சொன்னார்: "விருந்தினர் வந்தாச்சு."

திரைகள் பாட்டோடு விலகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை.

"விருந்தினர் வந்தாச்சு!"

"மகிழ்ச்சி," என்றாள் சக்களத்தி. பாட்டு கேட்டது. ஆனால் எதிர்வீட்டிலிருந்து.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுத் திரைகள் அத்தனையும் ஊர்வலம் மாதிரி விலகின. எல்லா விளக்குகளும் எரிந்தன. படுக்கையறை ஜன்னலில் நர்ஸ் எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். நெட்டையர் பதறிப்போய் "எல்லாத்தையும் அணை! அணை!" என்று கத்துவது தெருவரைக்கும் கேட்டது. எதிர்வீடு அணையவில்லை. எங்கள் மிஷின் அறை அணைந்தது.

"அம்மா!" என்று அக்கா அலறினாள். ஊசி விரலில் ஏறியிருந்தது.

அடுத்த நிமிடம் எல்லோரும் தெருவில் நின்றோம். அக்கா விரலை வாயில் வைத்துக்கொண்டு. நர்ஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு.

"எவன் வேலை இது?" என்றார் நர்ஸ். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன். இப்பதான் கண்ணை மூடினேன்."

அதிகாரிகள் இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்தார்கள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேர் வெச்சிருக்கீங்க. 'புதுவீடு'ன்னு," என்றார் அந்தப் பெண். "கடவுச்சொல்லும் ஒண்ணுதான். 'சிடுமூஞ்சி'. கம்பெனி ரெண்டும் இணைஞ்சதும், ரெண்டு வீட்டையும் ஒரே வீடுன்னு எடுத்துக்கிச்சு."

விஷயம் இதுதான். கூட்டாளிகளாக இருந்த காலத்தில், ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் போய்ப் பழுது பார்க்க வசதியாக, பொருத்துகிற எல்லா வீட்டுக்கும் அதே பெயரையும் அதே சொல்லையும் கொடுப்பது அவர்கள் வழக்கம். பிரிந்த பிறகு வாடிக்கையாளர்களுக்கு வேறு சொல் வைத்தாலும், தன் வீட்டில் அத்தான் அதை மாற்றவில்லை. நெட்டையரும் மாற்றவில்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டு, பேசாமலிருந்த ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள்.

"நீ மாத்தியிருக்கணும்."

"நான் எதுக்கு மாத்தணும்? அந்தப் பேரை யோசிச்சதே நான்."

"யோசிச்சது நீயா? திட்டு வாங்கினது நான்!"

"ஏணியை எடுத்துட்டுப் போனவன்தானே நீ!"

"அதுல ரெண்டு படி உடைஞ்சது, நான்தான் மாத்தினேன்!"

வட்டத்து அதிகாரி கையைத் தூக்கினார். "சார், யாராவது ஒருத்தர் தன் வீட்டை நீக்கினாப் போதும், இன்னொண்ணு சரியாயிடும். நீக்கினவர் எல்லாத்தையும் முதல்லேர்ந்து சேக்கணும். அது இன்னிக்கு முடியாது. அதனால..." மீதியை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அவன் நீக்கட்டும்," என்றார் அத்தான்.

"அவர் நீக்கட்டும்," என்றார் நெட்டையர்.

நெட்டையர் தன் போனைத் திரும்ப வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தானின் போன் இன்னும் அதிகாரியின் கையில்தான் இருந்தது. அக்கா வாயிலிருந்து விரலை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினாள். நேரம் பார்க்கத்தான் வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் 'நீக்கு' என்பதைத் தட்டினாள். 'உங்கள் வீடு நிரந்தரமாக நீக்கப்படும். சம்மதமா?' என்று போன் கேட்டது. அக்கா சத்தமாகவே படித்தாள்.

"ஏய், ஏய், வேணாம்டி..."

"சம்மதம்," என்றாள் அக்கா.

எங்கள் வீடு ஒவ்வோர் அறையாக அடங்கியது. எதிர்வீட்டில் விளக்குகள் சொன்னபடி அணைந்தன, திரைகள் சொன்னபடி மூடின. சதுரத்து அதிகாரி முகம் மலர்ந்தது. நெட்டையர் அழுதுவிடுவார் போலிருந்தது. நர்ஸ் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துரோகம் பண்ணிட்டீங்களேக்கா. நான் பண்ணலாம்னு இருந்தேன். இவர் போனை விடவே மாட்டேன்னுட்டார்."

அத்தான் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு மிஷின் அறைக்குள் போனார். கதவோரச் சுவரை அவர் கொத்திய வேகத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப்பார்த்தார்கள். ஒரு பழைய வெள்ளை சுவிட்சைப் பொருத்தினார். கோபத்தில் தலைகீழாகப் பொருத்திவிட்டார். மேலே தள்ளினால் எரிந்தது, கீழே தள்ளினால் அணைந்தது.

"ஏன்டி சிரிக்கிற? திருப்பி வெக்கணுமா?"

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"பல்பு பாவம்டி, சும்மா சும்மா தட்டாதே. திரும்ப ஏணி ஏறப்போறேன். முட்டி போச்சுன்னா நீதான் தூக்கிட்டு அலையணும்."

"அலையறேன்," என்றாள் அக்கா. மறுபடி தட்டினாள்.

அந்த வாரமே நர்ஸ் தலையணையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டில் நெட்டையர் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பெட்டியிடம் யார் யாரோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு இடமில்லாததால் அக்கா மிஷின் அறையிலேயே பாய் விரித்து, ஜன்னல் துணியைக் கையால் இழுத்து மூடினாள்.

"நான் தைக்கணும்மா. சத்தமா இருக்குமே, தூங்குவியா?"

"அது என்கிட்ட பேசாதுதானேக்கா?"

"பேசாது."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா ஊசிக்கு நேராகக் குனிந்து, அசையாமல், நூல் கோத்தாள்.