பச்சைப் பால் மாஸ்டர்

வைத்திக்குப்பத்தில் ஜிம் நடத்தும் தமிழ்மாறன் தன்னைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எல்லாம் கோமாளி அவர்தான். அவற்றில் பால் கதையை மட்டும் சிரிக்காமல் முடிப்பார்.

சில வருஷங்களுக்கு முன், பாலைக் காய்ச்சினால் சத்தெல்லாம் செத்துவிடும் என்று செல்போன் வீடியோவில் யாரோ சொன்னதை நம்பிவிட்டார். பாக்கெட் பாலுக்கு ‘வெள்ளைத் தண்ணி’ என்று பெயர் வைத்தார். தவளக்குப்பத்தில் ஒரு வீட்டில் கறந்த பாலை பைக்கில் போய் வாங்கிவந்து, பயிற்சிக்கு வருகிறவர்கள் முன்னால் சொம்போடு தூக்கிக் குடிப்பார். குடித்ததும் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டுவார்.

“பாலுக்கு முன்னாடியே அந்தப் புஜம் இருந்துச்சி. அத ஒருத்தரும் கேக்கல” என்பார் இப்போது.

மனைவி வினோதா சொல்லிப் பார்த்து அலுத்து, தனக்கும் மகளுக்கும் வேண்டியதை மட்டும் தனியே எடுத்துக் காய்ச்சிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் இருக்காது, சாயங்காலமானால் ஏறும். வேர்த்துக் கொட்டும். இடுப்பும் முட்டியும் விட்டுவிட்டு வலிக்கும். உடம்பிலுள்ள கழிவு வெளியேறுகிறது என்று விளக்கம் சொல்லிவிட்டு, ஒரு சொம்புப் பாலை இரண்டு சொம்பாக்கினார். ஆள் பாதியாக இளைத்தார்.

புதிதாகச் சேர்ந்த செந்தமிழ்ச்செல்விக்கு எடை தூக்கிக் காட்ட, தட்டு மாட்டாத வெறும் கம்பியை ஒருநாள் பிடித்தவர், தூக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அதையும் பயிற்சி என்று நினைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

வினோதா அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். காய்ச்சாத பால் குடிப்பது உண்டா என்று டாக்டர் கேட்டதும், பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய்பிடித்த மாட்டின் பச்சைப் பாலிலிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ். வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும்.

“பாக்கெட் பால சூடுபடுத்தி, கிருமிய கொன்னுட்டுத்தான் அனுப்பறாங்க. கறந்த பால்னா நீங்க காய்ச்சணும். சத்து ஒண்ணும் பெருசா கொறையாது” என்ற டாக்டர், அந்தப் பாலை வேறு யாராவது குடித்தார்களா என்று கேட்டார்.

தமிழ்மாறனுக்கு ஜிம்முக்கு வரும் நாகராஜின் நினைப்பு வந்தது. அவரைப் பார்த்து அவனும் குடித்துக்கொண்டிருந்தான். படகு வேலைக்குப் போகிறவன்.

நேராக அவன் வீட்டுக்குப் போனார். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் அம்மா முத்தம்மாளிடம் நடந்ததைச் சொன்னார்.

“ஒரு வாரமா முட்டி வலின்றான். எக்சர்சைஸ் பண்ணதுலன்னு நெனச்சி எண்ண தேச்சிக்கினு இருக்கறேன்” என்றாள் அவள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார். நாகராஜை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அவனுக்கும் அதே நோய்தான், ஆனால் ஆரம்பம். பால் வாங்கிய வீட்டிலும் போய்ச் சொன்னார். அங்கே ஒரு மாட்டுக்கு, இந்த நோய் வந்தால் ஆவதுபோலவே, சினை கலைந்திருந்தது. கால்நடை டாக்டர் வந்து சோதித்து, அதைத் தனியே கட்டவைத்தார்.

இரண்டு பேரும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தேறினார்கள். முத்தம்மாள் நாகராஜை ஜிம்முக்குத் திரும்ப அனுப்பமாட்டாள் என்றுதான் தமிழ்மாறன் நினைத்திருந்தார். அவளே கூட்டிவந்து விட்டாள்.

“வெயிட்டு தூக்க மட்டும் கத்துக்குடு மாஸ்டர். அவன் இன்னா சாப்பிடணும்னு நான் பாத்துக்கறேன்.”

சரிங்கக்கா என்று தலையை ஆட்டினார்.