சாரலில் வந்த தீ இன்சூரன்ஸ்

இன்று மேலகரம் வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் சுடலைமுத்து, மருமகள் கோமதி, கொழுந்தன் சங்கரலிங்கம், அவன் கூட்டிவந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டு.

கொத்தனார் கூலியே நாளைக்கு ஒரு ரூபாய்தான்; வீட்டுக்கு வருஷம் பதினெட்டு ரூபாய் என்றார் ஏஜெண்டு. நியாயம்தான் என்றான் கொழுந்தன்.

மேலச்சுவர் சாய்ந்து, முட்டுக்கொடுத்து நிற்கிறது.

"சாரல்ல சுவரு விழுந்தா தருவீயளா?" என்றேன்.

"மழைக்குக் கிடையாது ஆச்சி. தீக்கு மட்டுந்தான்."

"அடுப்புல விறகே பத்த மாட்டேங்குது. வீடு எப்படிய்யா பத்தும்?"

கோமதி சிரித்துவிட்டாள்.

சித்தப்பா கூட்டிவந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். சுவர் கட்ட வைத்திருந்த பணத்தைக் கொடுத்து மகன் கையெழுத்துப் போட்டான்.

மழை விடவில்லை. சுவர் தாங்காது.

உங்கள் ஊரில் சாரலில் எரிந்த வீடு உண்டா? இருந்தால் எழுதுங்கள்.

ஏஜெண்டுக்கு அது பிழைப்பு. மகனுக்குப் புத்தி அவ்வளவுதான். நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் சங்கரலிங்கம்.