அண்ணன் சம்பல்

மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாசனை. பின்னாலேயே மிளகாய்க் காரம்... கண்ணில் தண்ணீர் வரும், நாக்கிலும் ஊறும்.

மொபைல் எல்லோர் கைக்கும் வராத காலம். பென்னலூரில் ஒரே ரூமில் நாங்கள் மூன்று பேர், ஒரே கம்பெனி. ராமநாதபுரத்துச் செல்வத்தின் அண்ணன் மலேசியாவில் வேலை பார்த்தார். ஊர் திரும்பிய யாரிடமோ அவர் கொடுத்தனுப்பியதுதான் அந்தப் பாட்டில். நெத்திலி, மிளகாய், வெங்காயம், புளி எல்லாம் எண்ணெயில் சுருள வதக்கிய சம்பல். எண்ணெய் கசியாமலிருக்க மூடிமேல் வெள்ளைத்துணி கட்டியிருந்தது.

கேன்டீன் சாப்பாட்டில் செத்துக் கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது. தயிர்சாதம், பிரெட், முட்டை... எல்லாவற்றுக்கும் அதுதான்.

"முள்ளோட மெல்லுங்கடா, அம்புட்டும் கால்சியம்" என்பான் செல்வம். உப்பு ஜாஸ்தி என்று ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் தருவான், கஞ்சப்பயல்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் அக்கா வாசலில் நின்று கேட்டார்.

"இன்னாப்பா அது, வெள்ளத்துணி கட்டி வச்சிக்கினு கீற?"

"அண்ணன் சம்பல்க்கா."

அக்காவின் முகம் மாறிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தால்... பட்டப்பகலில் ரூமுக்குள் அகல்விளக்கு எரிகிறது. பாட்டிலைச் சுற்றிப் பூச்சரம். கற்பூரமும் கருவாடும் கலந்த வாசனை.

மாற்றுச்சாவியோடு அக்கா நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"சாம்பல வூட்ல வச்சிக்கக் கூடாதுப்பா. கடல்ல கரைச்சிடு. பாவம், உங்க அண்ணன்..."

சம்பல், சாம்பலாகியிருந்தது! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். செல்வம் சிரிக்கவில்லை. பாட்டில் வந்த பிறகு அண்ணனிடமிருந்து போனே வரவில்லை என்று அப்போதுதான் சொன்னான்.

அப்புறம் தினமும் ஐஎஸ்டி பூத். அண்ணன் தங்கியிருந்த இடத்து நம்பருக்கு ரிங் போகும், எடுக்க ஆள் இருக்காது. ஒரே ஒருமுறை யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை... எண்ணெயில் ஏதோ வதங்குகிற சத்தம் மட்டும் கேட்டதாம். "அண்ணே, அண்ணே" என்று கத்தினான். கட் ஆகிவிட்டது. அதோடு அந்த நம்பருக்கு லைனும் கிடைக்கவில்லை. வீட்டார் விசாரிக்காத இடமில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

மிச்ச சம்பலை யாரும் தொடவில்லை.

இப்போது ஒரகடம் சூப்பர் மார்க்கெட்டில் விதவிதமாகச் சம்பல் அடுக்கியிருக்கிறார்கள். போன மாதம் செல்வத்தோடு போயிருந்தேன். ஆசையாக ஒன்றை எடுத்து அவன் கூடையில் போட்டேன். அவன் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"இத எதுக்குடா காசு குடுத்து வாங்கிக்கிட்டு... அண்ணே வரும்போது கொண்டாருவாகல்ல."