அம்மா எடுத்த புக்கிங்

பாக்கார் ஆராங்கில் எங்களுக்கு ஒரு தொடர்வீடு இருக்கிறது. அப்பாவின் சேமிப்பில் முன்பணம், என் பெயரில் வங்கிக் கடன். அதை நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே ஆக்கியது என் யோசனை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் வீடு தன் மாதத் தவணையைத் தானே சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது தொழிற்சாலைக்கு ஊழியர் விடுதியாக விட்டுவிடுவேன் என்று அப்பா கெடு வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் டிப்ளோமா வாங்கியவன் நான். படித்தது வீணில்லை என்று காட்ட எனக்கு அந்த ஒரு வீடுதான் இருந்தது.

வீட்டைப் போட்டிருந்த வாடகைச் செயலி ஒவ்வொரு புக்கிங்கிலும் கமிஷன் பிடித்தது. "நேரா புக்கிங் எடுத்தா முழுசும் நமக்கே" என்று நாங்கள் குடியிருக்கும் சிடாம் கிரி வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன். செயலியில் வீட்டை மூடிவிட்டு, வாசலில் பேனர் கட்டினேன். வேலை நேரத்தில் என்னால் போன் எடுக்க முடியாது. ஆகவே அம்மாவின் எண்ணைப் போட்டேன்.

முதல் அழைப்பு ஈப்போவிலிருந்து, பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு வருகிறவர். எத்தனை பேர், எத்தனை நாள் என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை.

"தம்பி எந்த எஸ்டேட்டு ஆளு?"

"தாத்தா கோலா கெத்தில் பக்கம் ஆன்ட்டி."

கால்மணி நேரத்தில் அந்தத் தாத்தா அம்மாவுக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார்.

"அப்ப நீ எனக்கு மருமவன் லா! மருமவன்கிட்ட வாடகை வாங்குனா ஊரு சிரிக்கும்."

அடுத்து வந்தவர்கள் ஞானஸ்நானத்தில் அம்மாவை ஏந்திய ஞானத்தாயின் வீட்டார். மூன்றாவதாக ஒரு மளிகைக்கடைக் குடும்பம். அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள், உறவாக வழியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

"அவங்க அப்பா கடை வேன்லதான்டா நான் கல்யாணப் பொண்ணா சர்ச்சுக்குப் போனேன்" என்றார் அம்மா.

யாரும் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார்கள். அப்பா அவற்றை அடுக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"படிச்சவரே, பேங்குல பிஸ்கட் டின்னு வாங்குவாங்களா?"

மறுநாளே பேனரை அவிழ்த்தேன். செயலியைத் திறந்தேன். விடுமுறை முழுக்க புக்கிங் நிறைந்தது. கடைசி புக்கிங் ஜொகூரிலிருந்து ஓர் அண்ணன், குடும்பத்தோடு. நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள், சாவி கொடுக்கப் போன அம்மா ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி அம்மாவின் பெரியம்மா வழிப் பேத்தியாம்.

"காசத் திருப்பிக் குடுத்துருடா."

"ஆப்புல கட்டியாச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

பண்ண முடியும். நான் சொல்லவில்லை. அம்மா மனசு கேட்காமல் கோழிக் குழம்பு வைத்துக் கொடுத்தார்.

அந்த மாதம் வீடு தன் தவணையைத் தானே கட்டியது. அப்பா தேநீரோடு ஒரு டின்னை உடைத்து என் பக்கம் தள்ளினார்.

கிளம்பும்போது ஜொகூர் அண்ணன் என் தோளில் கைபோட்டார். "தம்பி, அடுத்த வாட்டி நேரா புக் பண்ணுறேன். எதுக்கு சும்மா கமிஷன்? அம்மா நம்பர் குடு."

உள்ளே அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"வேணாம்ணே. ஆப்புலயே பண்ணுங்க, ப்ளீஸ்."